மருந்து ஏற்றும் வண்டி

கார் வாங்கப் பணம் ஏது என்று கேட்க ஓர் அலுவலகம் ஏற்கெனவே இருக்கிறது. ஓட்டத் தெரியுமா என்று கேட்க ஒன்று. புகை விடுகிறதா என்று பார்க்க ஒன்று. போன வருஷம் விருதுநகரில் நான்காவதாக ஒன்றைத் திறந்தார்கள். இந்தக் காரை ஏன் வாங்கினாய் என்று கேட்பது அதன் வேலை. பெயர், மாவட்ட வாகனக் காரண ஆணையம்.

அது வந்த கதையைச் சொன்னால்தான் அதன் தரம் விளங்கும். மேலிடத்து அதிகாரி ஒருவர் தீபாவளி சீசனில் சிவகாசிக்கு வந்தார். அவருக்குத் துணையாக வந்த கார்களே தெருவை அடைத்துக்கொண்டன. நடுவில் அவர் மாட்டிக்கொண்டார். கண்ணாடியை இறக்கி, இத்தனை பேருக்குக் கார் எதற்கு என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று பதில் சொல்லும் வழக்கம் அரசாங்கத்தில் கிடையாது. அதனால் ஆணையம் வந்தது.

கார் வைத்திருக்கிறவன் எல்லாம் அங்கே போய், வாங்கிய காரணத்தைச் சொல்லிப் பதிய வேண்டும். பதிந்தால் முன் கண்ணாடியில் ஒட்ட ஒரு பச்சை வில்லை தருவார்கள். வில்லை இல்லாத கார் காரணமற்ற கார். அதை இழுத்துக்கொண்டு போய் மைதானத்தில் நிறுத்திவிடுவார்கள்.

அரசாங்கம் எதைக் கேட்டாலும் எனக்கு முதலில் சந்தேகம் வரும். யோசித்துப் பார்த்தால் மறுபடியும் அதுவே வரும். நான் போயிருக்கவே மாட்டேன். ஆனால் என் வண்டி பழசு. ஆயுசை நீட்டிக்கொடுக்கும் தேதி வந்துவிட்டது. வில்லை இல்லாமல் நீட்ட முடியாது என்றார்கள்.

என்னுடையது ஆம்னி வேன். பேப்பர் வியாபாரம் செய்கிற அப்துல் ஹக்கீம் பாய் காலண்டர் கட்டுகளை ஏற்றி இறக்கி அலுத்துப்போய் என்னிடம் தள்ளிவிட்டது. சிவகாசிப் பக்கம் எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் அதைவிட நல்ல வண்டிகள் விலைக்கு வந்தன. நான் இதை எடுத்ததற்கு ஒரே காரணம்தான், பக்கத்துக் கதவு. வெளியே விரியாமல் பின்னால் தள்ளிக்கொண்டு போகும்.

என் பெண்டாட்டி சோலையம்மாளுக்கு முடக்குவாதம். முழங்கால் மடங்காது. மற்றக் கார்களில் குனிந்து, காலை மடக்கி, உடம்பைச் சுருட்டி ஏற வேண்டும். இதில் கதவை ஒதுக்கிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும், நான் அப்படியே திருப்பிவிடுவேன். பாயின் புதுக் காரிலும் ஏற்றிப் பார்த்தோம். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுகொண்டு அவள் பாயின் வம்சத்தையே விசாரித்துவிட்டாள்.

மாதம் ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் அவளுக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். ஏற்றினால் அந்த மாதம் முழுக்க நடப்பாள், குழம்பு வைப்பாள், என்னைத் திட்டுவாள். தேதி தவறினால் விரல்கள் உள்ளே மடங்கி, தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கட்டிலோடு கிடப்பாள். அடுத்த தேதி புதன்கிழமை. நான் ஆணையத்துக்குப் போனது அதற்கு முந்தின வாரம்.

பாயும் கூட வந்தார். வரிசை வெயிலில் வளைந்து நின்றது. ஜன்னலுக்கு உள்ளே குமாஸ்தா பாண்டி, ஆனைக்குட்டத்துப் பையன். அவன் பின்னால் பெரிய நாற்காலியில் காரண அலுவலர் கதிரவன். சென்னைக்காரர், எப்போதும் மேடையில் நிற்பதுபோலவே பேசுகிறவர். பாண்டி காரணத்தைக் கேட்பான். கதிரவன் அதைக் காரணமாக மாற்றுவார்.

முதலில் நின்றவர் ஒரு பட்டாசு முதலாளி. மூன்று கார். மறைக்காமல் சொன்னார்: பேங்க்காரர் பார்க்க ஒன்று, வருமான வரிக்காரர் பார்க்க ஒன்று, தான் ஏறிப் போக ஒன்று. முதலாவது பளபளப்பு, இரண்டாவது துரு, மூன்றாவது மச்சினன் பேரில். நிதி ஒழுங்கு என்று பதியச் சொன்னார் கதிரவன்.

அடுத்தவர் அச்சகக்காரர். லேபிள் அடித்து மிஞ்சுகிற சிவப்பு மையைத் தடவிக் கீறலை மறைக்கலாம் என்பதற்காகச் சிவப்புக் கார் வாங்கியிருந்தார். அது சுற்றுச்சூழல் பாதுகாப்பு. அவருக்குப் பின்னால் நின்றவர், எதிர் வீட்டுக்காரன் வாங்கினான், அதனால் வாங்கினேன் என்றார். அவருக்குப் பின்னால் நின்ற எதிர் வீட்டுக்காரரும் அவரைக் கை காட்டி அதையே சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்து, சமூக நல்லிணக்கம்.

பாயின் முறை வந்தது. ஏழு பேர் ஏறுகிற கார் எதற்கு என்று பாண்டி கேட்டான்.

"மக நசிமா, மக சுமைரா, மருமக்கமாரு, எல்லாரையும் ஒண்ணாக் கூட்டிட்டுப் போகலாம்னு வாங்குனேன் தம்பி. இப்ப முன்சீட்டுல யாரு உக்கார்றதுன்னு ரெண்டு மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நான் மட்டுந்தான் ஏளு சீட்டையும் சுமந்துக்கிட்டுச் சுத்துறேன்."

குடும்ப நலன் என்று பதிந்தார்கள்.

இப்படி ஒவ்வொருவரும் உண்மையைக் கொடுத்துவிட்டுக் காரணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். இடையில் கதிரவன் எழுந்து வெளியே வந்தார். வரிசை நீளமாக இருந்தால் அவருக்குப் பேச்சு வந்துவிடும் என்று பாண்டி பிறகு சொன்னான்.

"பெருமக்களே, இந்த ஆணையம் தொடங்குவதற்கு முன் இந்த மாவட்டத்தில் காரணமற்ற கார் ஒன்றுகூடக் கிடையாது. இன்றோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்தக் குறுகிய காலத்தில் இப்படி ஒரு வளர்ச்சியை வேறு எந்தத் துறையும் கண்டதில்லை. அவற்றைப் பிடிக்க எங்களுக்கு ஒரு கார் தந்தார்கள். போதவில்லை என்று எழுதினோம், மேலும் தந்தார்கள். அவற்றை நிறுத்த இடம் போதவில்லை என்று எழுதினோம், பக்கத்துப் பள்ளிக்கூடத்து மைதானத்தைத் தந்தார்கள். இப்போது மாணவர்கள் விளையாட்டை மறந்து படிக்கிறார்கள். அந்தத் தேர்ச்சி விகிதத்தையும் எங்கள் சாதனையில் சேர்த்திருக்கிறோம்."

வரிசையில் கை தட்டினார்கள். கொசு இருந்தது.

ஆணையத்தின் கார்களுக்கு என்ன காரணம் பதிந்திருக்கிறது என்று பாய் மெதுவாகக் கேட்டுவைத்தார். அவை காரணத்துக்கு அப்பாற்பட்டவை என்று சொல்லிவிட்டுக் கதிரவன் உள்ளே போனார்.

என் முறை. ஆம்னி எதற்கு என்று பாண்டி தலையைத் தூக்காமலே கேட்டான்.

"மாசம் ஒருக்கா மருதைக்குப் போயி மருந்து ஏத்திட்டு வாறதுக்கு."

அவன் தலை தூக்கினான். என் முகத்தைப் பார்த்தான், வெளியே நின்ற வண்டியைப் பார்த்தான்.

"மருந்தா? எம்புட்டு ஏத்துவீக தாத்தா?"

"ரெண்டு பாட்டிலு."

"பாட்டில்லயா?"

"பின்ன சட்டியிலயா? சொட்டுச் சொட்டாத்தான் எறக்கணும். மதியம் வரைக்கும் ஆகும். அவசரப்பட்டு வேகமா ஏத்துனம்னா ஆளையே தூக்கிரும்."

பாண்டி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான். "இதெல்லாம் யாரு பேர்ல நடக்கு?"

"எல்லாம் எம் பொண்டாட்டி சோலையம்மா பேர்லதான். அட்டைகூட அவ பேர்லதான் இருக்கு."

நான் சொன்னது ஆஸ்பத்திரி அட்டையை. எங்கள் பக்கம் பேக்டரி லைசென்ஸ் என்றாலே பாதிக்குப் பாதி பெண்டாட்டி பேரில்தான் இருக்கும். அவன் அதை நினைத்துக்கொண்டு, புரிந்துவிட்டதாகத் தலையாட்டினான். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எழுதினான், முத்திரை குத்தினான், வில்லையை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினான்.

மற்றவர்களுக்கெல்லாம் பச்சை. எனக்குச் சிவப்பு. வயசுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்து நானே ஒட்டினேன். ஊர் வந்து சேர்கிற வரைக்கும் எவனும் என்னை முந்தவில்லை. பின்னால் பைக்கில் வந்தவன் வாயிலிருந்த பீடியைத் துப்பிவிட்டு வயலுக்குள் இறங்கினான். வீட்டு வாசலில் பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு வில்லையை வாசித்தார். பிறகு மெதுவாகக் காரைவிட்டுத் தள்ளி நின்றார்.

"அண்ணே, வெடிமருந்து ஏற்றிச் செல்லும் வாகனம்னு போட்டிருக்கு."

பாண்டி மாதிரி வெடி ஊரில் பிறந்தவன் காதில் மருந்து என்றால் வேறு என்ன விழும்? அவன் தாய் பட்டாசுக்குள் மருந்து செலுத்திவிட்டு வந்த கையோடு அவனைத் தூக்கி வளர்த்திருப்பாள். காய்ச்சலுக்குக் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் மாத்திரை என்போம், ஊசி என்போம். மருந்து என்றால் அது பேக்டரியில் இருப்பது. எனக்கும் அது தெரியும். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிச் சொல்லி என் வாயில் மதுரைப் பேச்சு ஒட்டிக்கொண்டது. அதுதான் வினை.

மறுநாளே போனேன். விஷயத்தைச் சொன்னதும் பாண்டி தலையில் கை வைத்தான். "இத மொதல்லயே ஊசின்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சே தாத்தா" என்றான். நல்ல பையன்தான். திருத்திவிடலாம் என்று பேனாவை எடுத்தான். கதிரவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, ஒருமுறை பதிந்த காரணம் மாறாது. காரணம் மாறுமென்றால் அதைப் பதிவதற்கு ஓர் ஆணையம் எதற்கு?"

"தப்பா எளுதுனதத் திருத்துங்கன்னுதானய்யா கேக்குறேன்."

"திருத்தலாம். அதற்கு, இந்த வாகனம் வெடிமருந்து ஏற்றுவதில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால், பதிந்த காரணத்துக்குப் பயன்படாத வாகனம் என்றாகும். அப்படிப்பட்ட வாகனத்தைப் பறிமுதல் செய்ய எனக்கு அதிகாரம் இருக்கிறது. நிரூபிக்கிறீர்களா?"

நான் நிரூபிக்கவில்லை.

ஆனாலும் கதிரவனுக்கு மனசுக்குள் உறுத்தியிருக்கிறது. அவர் ஊரில் மருந்து என்றால் மருந்துதான். இந்த மாவட்டத்தில் மருந்து என்பது எது என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார். குழு முடிவு சொல்கிறவரை இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார்.

அங்கேதான் ஊர் மாட்டிக்கொண்டது. மருந்து என்று பலகை வைத்த கடைகளெல்லாம் பேக்டரி விதிக்குள் வந்தன. தலைவலி மாத்திரை வாங்கப் போகிறவன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டு, ரப்பர் பாயில் நின்று வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு இருமல் டானிக்கை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். குலுக்கிவிட்டுக் குடிக்கவும் என்று அதில் அச்சிட்டிருந்ததைக் கறுப்பு மையால் அழிக்கச் சொன்னார்கள்.

பேக்டரிகளுக்கு மறுபக்கம். மருந்து வேண்டுமென்றால் டாக்டர் சீட்டு இருக்க வேண்டும். போர்மேன்கள் கிளினிக் வாசலில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டால், சரவெடிக்குப் பத்தவில்லை என்றார்கள். அவரும் எத்தனை பேரிடம்தான் மல்லுக்கட்டுவார்? வேளைக்கு ஒரு மூட்டை, சாப்பாட்டுக்குப் பின், சூடாக எதுவும் சேர்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு செல்லுபடியானது. மாவட்டத்தின் பட்டாசுத் தொழில் மருத்துவக் கண்காணிப்பின்கீழ் வந்துவிட்டதாகக் கதிரவன் மேலிடத்துக்கு எழுதினார். பாராட்டு வந்தது.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் சோலையம்மாளின் விரல்கள் சுற்றறிக்கையை வாசிப்பதில்லை. திங்கட்கிழமை சீப்புப் பிடிக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு கையும் மூடிக்கொண்டன. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பாய் மூலமாக ஆணையத்துக்குச் சொல்லி அனுப்பினேன்: புதன்கிழமை மருந்து ஏற்றப் போகிறேன், விதி என்னவோ அதைச் செய்யுங்கள். ஆணையத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்களுடைய முதல் சிவப்பு வண்டி நான்தான்.

புதன் காலையில் வாசலில் ஒரு தீயணைப்பு வண்டி நின்றது. கதிரவன், பாண்டி, பரிசோதகர் ஒருவர், போட்டோ எடுக்க ஒருவர். என் ஆம்னிக்கு நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி கட்டினார்கள். சைலன்சரில் பொறி தடுக்கிற வலையை மாட்டினார்கள். முன்னால் இரண்டு மணல் வாளி தொங்கவிட்டார்கள். ஓட்டுநரையும் லைசென்ஸ்தாரரையும் தவிர வேறு ஆள் ஏறக் கூடாது என்றார் பரிசோதகர். லைசென்ஸ்தாரர் சோலையம்மாள்தான் என்று பாண்டி எடுத்துச் சொன்னான். அந்த ஒரு தப்புதான் எங்களுக்கு உதவியது.

பிறகு அவள் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்றார் பரிசோதகர். வளையலைக் கழற்றினேன். காதிலிருந்ததைக் கழற்றினேன். அவர் பார்வை கழுத்துக்குப் போனது. அதுவரைக்கும் வாய் திறக்காமல் என் மேல் சாய்ந்து நின்றவள் தலையை நிமிர்த்தினாள்.

"தாலியக் களத்தணும்னா மொதல்ல இவருக்கு ஒரு வளி பண்ணிட்டு வாங்க. அதுக்கு ஒங்ககிட்ட மருந்து இருக்கா?"

பரிசோதகர் பலகையில் எழுதினார்: தாலி, தீப்பொறி அபாயம் இல்லை. வாய், உண்டு.

கதவைத் தள்ளினேன். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். திருப்பினேன். கிளம்பினோம்.

அந்த மாதிரி ஒரு பயணத்தை நான் என் ஆயுசில் போனதில்லை. முன்னால் தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு போகிறது. நடுவில் கொடியும் வாளியுமாக நான். பின்னால் ஆணையத்தின் கார்கள். லாரிகள் ஒதுங்கின. பஸ்கள் ஒதுங்கின. டோல்கேட்டில் நாங்கள் வருவதற்கு முன்பே கட்டையைத் தூக்கிவிட்டுப் வசூல் கூண்டுக்குள் இருந்த பையன்கள் எல்லாம் பின்பக்கம் ஓடிவிட்டார்கள். எத்தனையோ முதலாளிகள் எவ்வளவோ கொட்டிக் கொடுத்து வாங்கிய கார்களுக்குக் கிடைக்காத மரியாதை என் ஆம்னிக்குக் கிடைத்தது.

மதுரை எல்லையில் அது நின்றது. காவலுக்கு நின்றவர் கை காட்டி, வெடி வண்டி பகலில் ஊருக்குள் வரக் கூடாது, ராத்திரி வாருங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் மதியத்துக்குப் பிறகு மருந்து ஏற்ற மாட்டார்கள். அடுத்த தேதி என்றால் அடுத்த மாதம். நான் சோலையம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூடிய கை மடியில் கிடந்தது.

இறங்கிக் கதிரவனிடம் போனேன். போட்டோக்காரர் அவரை என் வண்டிப் பக்கம் நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, வண்டியத் தொறந்து பாருங்க. உள்ள மருந்து இருக்கா?"

எட்டிப் பார்த்தார். "இல்லை."

"இனிமத்தான ஏத்தப்போறோம். போறப்பக் காலி வண்டி, வாறப்பத்தான லோடு? காலி வண்டிய நிறுத்தச் சொல்லி எந்த விதியில இருக்கு?"

கதிரவன் யோசித்தார். அவர் யோசிப்பதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தன்னுடைய முதல் சிவப்பு வண்டி எல்லையிலேயே நின்றுபோனால் மேலிடத்துக்கு என்ன எழுதுவது என்ற கவலை அவருக்கு. கொடிகளைச் சுருட்டச் சொன்னார். காலி வாகனம் என்று தாளில் எழுதிக் காவலர் கையில் கொடுத்தார். காவலர் வாசித்துவிட்டு, உள்ளே உட்கார்ந்திருந்த சோலையம்மாளைப் பார்த்தார். வழி விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிக்கலும் இல்லை. மருந்து ஏற்ற வந்திருக்கிறோம் என்றேன். நர்ஸ் அம்மா பேரைக் கேட்டுக் கட்டிலைக் காட்டினார். எவரும் ஓடவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கியது. சோலையம்மாள் தூங்கினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது எல்லையில் கதிரவன் காத்திருந்தார். கொடிகளை விரித்துக் கட்டினார்கள். பரிசோதகர் வண்டிக்குள் தலையை விட்டுத் தேடினார்.

"சரக்கு எங்கே?"

"ஏத்தியாச்சு."

"எதில்?"

நான் பின்சீட்டைக் கை காட்டினேன். சோலையம்மாள் அவர்களைப் பார்த்தாள்.

தார் உருகுகிற வெயிலில் நான்கு பேரும் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். வண்டியில் மருந்து இல்லை என்றால் பதிந்த காரணம் பொய். பறிமுதல்தான். ஆனால் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. மருந்து இருக்கிறது என்றால், எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். கடைசியில் கதிரவன் எழுதினார். கொள்கலன்: சோலையம்மாள். நிலை: கசிவு இல்லை. பாண்டி அதை எங்களிடம் வாசித்துக் காட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொள்கலனுக்கு என்று தனி விதிகள் இருக்கின்றன. உருட்டக் கூடாது, தட்டக் கூடாது, அதன்மேல் எதையும் ஏற்றி வைக்கக் கூடாது. முக்கியமாக, நெருப்பு எரிகிற இடத்துக்குப் பதினைந்து மீட்டருக்குள் அது இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அடுப்புக்கு அந்தத் தூரம் வராது. பரிசோதகர் டேப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே வந்து, தெருவைத் தாண்டி, ஆம்னி நிற்கிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். அடுப்பு எரிகிற நேரமெல்லாம் கொள்கலன் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும், மீறினால் வீட்டுக்காரர் மேல் வழக்கு.

மருந்து வேலை செய்தது. ஒரு வாரத்தில் விரல்கள் விரிந்தன. தம்ளர் பிடித்தாள், சீப்புப் பிடித்தாள். பிறகு வழக்கம்போலக் கரண்டியை எடுத்தாள். நான்தான் விதியை ஞாபகப்படுத்தினேன். அவளுக்கு இதையெல்லாம் கேட்டால் கோபம் வரும், ஆணையத்துக்கே போய் ஒரு கை பார்ப்பாள், எனக்குப் பதிலாகச் சண்டை போடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அவள் கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் கையில் கொடுத்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு போய், தெருவைத் தாண்டி, ஆம்னிக் கதவைத் தள்ளித் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போய்க்கொண்டு, வந்து அடுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தவள். அடுப்புப் பக்கம் போகாதே என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அரசாங்கம்தான் சொன்னது, அதுவும் எழுத்தில்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசினார்கள். எங்களுக்கும் இந்தச் சிவப்பு வில்லை கிடைக்குமா என்று இரண்டு பேர் என்னிடமே விசாரித்தார்கள். மாதம் பிறந்தால் தீயணைப்பு வண்டியோடு மதுரைக்குப் போவோம், ஏற்றிக்கொண்டு வருவோம். இடையில் ஒரு நாள் பரிசோதகர் இருப்பைச் சரிபார்க்க வருவார். அம்மா, சரக்கு பத்திரமாக இருக்கிறதா என்று கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்பார். இருக்கு, கிட்ட வராதீக என்பாள் அவள்.

போன மாதம் குழு முடிவு சொன்னது. மருந்து என்ற சொல் நோயைத் தீர்க்கும் பொருளையும் குறிக்க வாய்ப்பு உண்டு என்று அதில் எழுதியிருந்தார்களாம். கதிரவனே நேரில் வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். அவர் கையில் பச்சை வில்லை இருந்தது.

"அம்மா, உங்கள் காரணம் திருத்தப்பட்டுவிட்டது. நீங்கள் இனிமேல் கொள்கலன் அல்ல."

சோலையம்மாள் வண்டியைவிட்டு இறங்கவில்லை. "பதிஞ்ச காரணம் மாறாதுன்னு நீங்கதான சொன்னீகளாம்?"

"ஆமாம், ஆனால் குழு..."

"குளு சொல்லுச்சுன்னு நீங்க மாத்துவீக. நாளைக்கு இன்னொரு குளு வந்து இன்னொண்ணச் சொல்லும். ஒரு ஆபீசுன்னா ஒரு சொல்லு இருக்க வேண்டாமா? எனக்குப் பச்ச வேண்டாம். செவப்பே இருக்கட்டும்."

கதிரவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாவட்டத்தில் ஆணையத்தைப் புரிந்துகொண்ட முதல் குடிமகள் நீங்கள்தான் என்று சொல்லிக் கை எடுத்துக் கும்பிட்டார். அவள் காரணத்தை நிரந்தரமாக்கி அங்கேயே, என் கண் முன்னால், கையெழுத்துப் போட்டார். திருத்தச் சொல்லி நான் மனுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொள்கலனின் சம்மதம் வேண்டும் என்றார்.

கார்கள் போய்ப் புழுதி அடங்கியது. உள்ளே ரசம் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. மறுபடி பற்றவைத்தேன். எவ்வளவு உப்புப் போட வேண்டும் என்று அவள் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள், அரசு நிர்ணயித்த தூரத்திலிருந்து.